இடது முன் சக்கரம்

வால்பாறை
14-3-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கருப்பாத்தாள் எழுதுவது. நானும் இவரும் சின்னவள் சண்முகப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் கால்வலி இந்தக் குளிருக்கு எப்படி இருந்தது? அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா?

பொங்கலுக்கு ஒரு கார்டு என்பதற்கு மேல் நமக்குள் எழுத்து இல்லை. திடீரென்று கடிதம் வந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கெட்ட செய்தி இல்லை.

எஸ்டேட்டில் இவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்து ஒரு பழைய ஷெட் இருக்கிறது. நாங்கள் இங்கே வந்ததிலிருந்து பூட்டியே கிடந்தது. அதை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப் போகிறார்களாம். போன வாரம் கதவைப் பெயர்த்தார்கள். உள்ளே ஒரு உடைந்த டிராக்டரும் ஒரு பழைய காரும் இருந்தனவாம். கொழுந்து பறிக்கிற பெண்கள் என்னிடம் வந்து, “அக்கா, மூக்கு மேல படகு வெச்ச காருங்கக்கா” என்றார்கள்.

ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் கேட்டேன்.

“அந்த வண்டிங்களா அது?”

“எந்த வண்டி?”

“எங்கண்ணன் காலை ஒடிச்ச வண்டி.”

“எனக்குத் தெரியாது. இரும்புக்குப் போகப் போகுது, உடு” என்றார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார். பக்கத்து ஷெட்டில் இருப்பது அவருக்குத் தெரியாதா?

முப்பத்தொரு வருஷமாக நீங்கள் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நான் நடுவில். இரும்புக்கடைக்குப் போய்விட்டால் அப்புறம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் எழுதினேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கருப்பாத்தாள்


மதுக்கரை
20-3-1993

கருப்பாத்தாளுக்கு நஞ்சுண்டன் எழுதுவது.

இருமலைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உன் அண்ணிக்கு வாயைத் தவிர வேறு குறை இல்லை. உங்கள் சுகத்துக்கு எழுது.

கடிதம் கண்டேன். உன் வீட்டுக்காரருக்குத் தெரியாதாமா? தெரியாமல் எப்படி இருக்கும்? 1962 ஐப்பசியில் மில் டிரைவராக முதலாளியம்மாவை ஏற்றிக்கொண்டு நான் மலை ஏறினேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பின்பக்கத்து இடது சக்கரம் கழன்று, எனக்கு முன்னால் உருண்டு பள்ளத்துக்குப் போனது. வண்டி பாறையில் மோதியது. அந்தம்மாளுக்கு நெற்றியில் காயம். என் கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. முதல் நாள் மில் ஒர்க்‌ஷாப்பில் அதே சக்கரத்துக்கு டயர் மாற்றி மாட்டியவர் யார்? உன் வீட்டுக்காரர். இறுக்காமல் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு முதலாளியிடம் அதைச் சொன்னேன். நம் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்தபோதும் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். அவர் “இல்லை” என்று ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு செய்யாதவன் பேசாமல் இருப்பானா? அவருக்கு வேலை போனது, நீங்கள் மலைக்குப் போனீர்கள். என் காலுக்கு யார் பதில் சொன்னது?

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த மேஸ்திரியிடமும் கைகட்டி நிற்கவில்லை. வண்டியைப் பிரித்துப் பிரித்தே கற்றவன். ஆகவே நான் சொல்கிறபடி செய்.

மூக்கில் பாய்மரப் படகுச் சின்னம் என்றால் அது பிளிமத் கார். முன்கண்ணாடி ஒரே பலகையா, நடுவில் பிரிந்த இரண்டா என்று பார். இரண்டென்றால் 52-க்கு உட்பட்டது. பானட்டைத் தூக்கினால் எஞ்சினின் இடது பக்கம் மேல் ஓரத்தில் எழுத்து வெட்டியிருக்கும். தூசி துடைத்து எழுதிக்கொள். கடைசியாக, பேட்டரித் தட்டைப் பிடிக்கிற போல்ட்டுக்கு வாஷர் கிடைக்காமல் ஓட்டைக் காலணா ஒன்றை நான் போட்டேன். அது இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

அவரிடம் சொல்லாதே. எவனையும் சக்கரத்தில் கை வைக்க விடாதே.

நஞ்சுண்டன்


வால்பாறை
4-4-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருமலுக்கு இங்கே மிளகு நல்லதாகக் கிடைக்கிறது. யாராவது இறங்கினால் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் மூவரும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை இவர் சந்தைக்குப் போனதும் பிரியாவைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். காவல்காரர், “ஏனுங்கம்மணி, காளிச்சாமி அண்ணன் யாரையும் உடாதீங்கன்னு சொல்லிப்போட்டுப் போனாருங்களே” என்றார். “அவர் சம்சாரத்தையுமா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு வழி விட்டார்.

வண்டி பச்சைப் பாசி பிடித்துக் கிடக்கிறது. கதவுக் கீழ் ஓரங்களைத் துரு தின்றிருக்கிறது. சீட்டில் எலி குட்டி போட்டிருக்கிறது. படகில் பாய் மட்டும் மிச்சம். முன்கண்ணாடி இரண்டு பலகை, ஒன்று விரிசல். மூன்று சக்கரம்தான் இருக்கிறது. பின்னால் இடது பக்கம் கல் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

பிரியா முந்தானையால் துடைத்துவிட்டு எழுத்தைப் படித்தாள். P, அப்புறம் 20, அப்புறம் ஒரு கோடு, அதற்குப் பின் எண்கள். துண்டுச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

காலணாவும் இருக்கிறது அண்ணா. கழற்ற வரவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் பிரியாவின் கையெல்லாம் கிரீஸ். சந்தையிலிருந்து வந்த இவர் அதைப் பார்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், “உங்கண்ணனுக்கு எழுதிட்டயா?” என்றார். எழுதிவிட்டேன் என்றேன். “பாவம் அந்த மனுஷன், அவரை நிம்மதியா இருக்க உடலாம்ல” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

கருப்பாத்தாள்


மதுக்கரை
10-4-1993

கருப்பாத்தாளுக்கு,

எல்லோரும் சுகம். மிளகு வேண்டாம்.

P20 என்றால் 1950-ஆம் வருஷத்து மாடல். நம்பரும் என் பழைய டைரியில் இருப்பதோடு ஒத்துப்போகிறது. அதே வண்டி.

நான் நிம்மதியாக இருக்க வேண்டுமாம்! இப்போது பயம் வந்துவிட்டது, அதனால் பரிதாபப்படுகிறார். உன் முதல் கடிதம் வந்த அன்றே எஸ்டேட் ஆபீசுக்கு நானே எழுதிவிட்டேன். இரும்பு விலைக்கு எனக்கே தருவதாகப் பதில் வந்தாயிற்று. தேயிலை லாரி ஓட்டுகிற பாலுசாமி இறக்கித் தருவான்.

என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போடுகிறேன். உன் அண்ணி, “அறுபத்தேழு வயசுல கார் கேக்குதா? நொண்டிக் காலுக்கு கிளச்சா, பிரேக்கா?” என்கிறாள். வண்டி ஓட வேண்டும், அது ஒன்று. அதை விட, அந்தப் பின் சக்கரம் ஏன் கழன்றது என்பதை இரும்பே சொல்ல வேண்டும். மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்துகொள்ளலாம், இரும்பு அப்படி இருக்காது.

நஞ்சுண்டன்


வால்பாறை
6-5-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே கோடை மழை தொடங்கிவிட்டது. எல்லோரும் சுகம். வண்டி பத்திரமாக வந்து சேர்ந்த செய்தியைப் பாலுசாமி சொன்னான்.

வண்டியை ஏற்றிய அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். இவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் ஜாக்கியும் பலகையும் எடுத்துக்கொண்டு முதலில் போய் நின்றவர் இவர்தான். கல்லை எடுத்து, பலகை கட்டி, நாலு பேரை வைத்து ஒரு கீறல் இல்லாமல் ஏற்றினார். கயிற்றை இவரே கட்டினார். லாரி திரும்புகிற வரை நின்றார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்று சொன்னார். “முன்னால இடது சக்கரத்தைப் பைப்பு போட்டு நெம்ப வேண்டாம்னு எழுது. போல்ட்டை நல்லாத் துடைச்சுப் பாத்துட்டு அப்புறம் ஸ்பேனர் வெக்கச் சொல்லு” என்றார். எனக்கு இந்த விஷயம் புரியாது. சொன்னதை எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணிக்கு அன்பு.

கருப்பாத்தாள்


மதுக்கரை
22-5-1993

கருப்பாத்தாளுக்கு,

சுகமே. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஸ்பேனர் வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டாம். நாற்பத்தைந்து வருஷம் வைத்தவன் நான். அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடு.

வேலை நடக்கிறது. எஞ்சின் இறுகிக் கிடந்தது. ஆறு பிளக்கையும் கழற்றி, ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிப் பதினெட்டு நாள் விட்டேன். தினமும் காலையில் ஃபேனைப் பிடித்து அசைத்துப் பார்ப்பேன். பத்தொன்பதாம் நாள் ஒரு விரல் அளவு நகர்ந்தது. உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்கா கூப்பிட்டீங்க, அடுப்புல பால் பொங்குது” என்று போய்விட்டாள்.

புதுச் சாமான் வாங்க எனக்கு வசதி இல்லை, தேவையும் இல்லை. கதவு ஓரத்துக்கு எண்ணெய் டின் தகரத்தை வெட்டி ஒட்ட வைக்கிறேன். சீட்டுக்குப் பழைய பஸ் சீட்டின் ரெக்சின். பிரேக்குக்கு ஜீப் ரப்பர் ஒத்துப்போகிறது. உக்கடத்தில் ரம்லா என்றொரு அம்மாள் பழைய சாமான் கடை வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு அவளே நடத்துகிறாள். எந்த வண்டிச் சாமானைக் கேட்டாலும், மலைபோல் கிடக்கிற இரும்பில் கையை விட்டு எடுக்கிறாள்.

இப்போது முக்கியமானது. பின் இடது சக்கரம் கழன்ற இடத்தைச் சுத்தம் செய்து பார்த்தேன். போல்ட் மாட்டுகிற ஐந்து ஓட்டையிலும் அது திருகி இறங்குகிற மரை புதுசுபோல் இருக்கிறது. ஒன்றுகூட அழியவில்லை. போல்ட் உடைந்திருந்தால் துண்டு உள்ளே இருக்கும். பிய்த்துக்கொண்டு போயிருந்தால் மரை அழிந்திருக்கும். அப்படியானால் போல்ட் தானாகத் திருகிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இறுக்கப்படவில்லை. நான் அன்றைக்குச் சொன்னது சரி. இதை அவரிடம் படித்துக் காட்டு.

நஞ்சுண்டன்


வால்பாறை
30-6-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை விடாமல் கொட்டுகிறது. துணி காயவில்லை என்பதைத் தவிர எல்லோரும் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மரை அழியவில்லை என்ற இடம் வந்ததும் இவர், “சரியாத்தான் பாத்திருக்காரு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. “அப்ப நீங்க இறுக்கலையா? ஒரே ஒரு தடவை எனக்குப் பதில் சொல்லுங்க” என்றேன். “இறுக்கினேன்” என்றார். முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. “அப்புறம் எப்படிங்க?” என்றேன். குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் யாரை நம்புவது அண்ணா? இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

பிரியாவுக்குப் பொள்ளாச்சியில் நல்ல இடம் அமைந்திருக்கிறது. தை மாதம் கல்யாணம். பெரியவள் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், உறவில் யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்தினோம். அவர் கையில் சீர்த்தட்டைப் பார்த்ததும் நான் உள்ளே போய் அழுதது உங்களுக்குத் தெரியாது. இப்போது எழுதுகிறேன்.

கருப்பாத்தாள்


மதுக்கரை
18-9-1993

கருப்பாத்தாளுக்கு,

உன் கடிதமும் அப்புறம் போட்ட இரண்டு கார்டும் வந்தன. பதில் எழுத நேரமில்லை. உடம்பு சுமார்.

கார்புரேட்டர் சுத்தம் செய்தாயிற்று. வயரிங் முழுக்க மாற்றினேன். கறுப்புப் பெயிண்ட் ஒரு கோட் அடித்தேன், மழை ஈரத்தில் கொப்புளித்துவிட்டது, மறுபடி தேய்க்க வேண்டும். எஞ்சின் ஓடுகிறது. ஆவணி அவிட்டத்தன்று முதல் தடவை பிடித்தது. சத்தம் நன்றாக இருக்கிறது.

வேறு செய்தி இல்லை.

நஞ்சுண்டன்


வால்பாறை
10-10-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம் என்று எழுதப் பழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை எனக்கு மனசு சுகமில்லை.

எஞ்சின் ஓடியது என்று எழுதுகிறீர்கள், அதில் ஒரு சந்தோஷம் இல்லை. சக்கரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் கடிதத்திலிருந்து அதைத்தானே பேசினீர்கள்? அண்ணி பாலுசாமியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: “உங்கண்ணன் ரெண்டு மாசமாக் கொட்டாய்க்குள்ள போய் வண்டிக்குப் பக்கத்துல முக்காலி போட்டுச் சும்மா உக்காந்திருக்காரு. ஏனுன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு. ராத்திரி தூங்கறதில்லை. கருப்பாத்தாளை எழுதச் சொல்லு.”

தேதி குறித்தாயிற்று. தை இருபத்தொன்று. இந்தத் தடவை நான் வேறு ஆளைத் தேடப் போவதில்லை. தாய்மாமன் இடம் காலியாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், “எங்கண்ணன் உயிரோடுதான் இருக்கிறார், வர மாட்டேன் என்கிறார்” என்று சொல்லிவிடுவேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். மறுப்புச் சொல்லவில்லை.

வண்டியில் என்ன பார்த்தீர்கள்?

கருப்பாத்தாள்


மதுக்கரை
28-11-1993

கருப்பாத்தாளுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றிக் கேட்காதே.

இந்தக் கடிதத்தை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் பிரேக்கைப் பார்ப்பதற்காக முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றப் போனேன். அசையவில்லை. துரு என்று நினைத்தேன். ஸ்பேனரில் நாலடி பைப்பைச் செருகி, என் முழுப் பாரத்தையும் போட்டு நெம்பினேன். ஒரு போல்ட் தலை முறிந்தது. இன்னொன்றை நெம்பினேன், அதுவும் முறிந்தது. உன் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. அது வந்ததனாலேயே இன்னும் பலமாக நெம்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முறிந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு உக்கடம் போனேன். “இந்த மாதிரி ரெண்டு வேணும்” என்றேன்.

ரம்லா கையில் வாங்கினாள். “லெப்ட் மரைங்களா, ரைட் மரைங்களா?”

“சக்கரத்து போல்ட்டுல என்னம்மா லெப்ட்டு, ரைட்டு?”

“ஏனுங்க பெரியவரே, நாப்பது வருசம் வண்டி ஓட்டினேன்னு சொன்னீங்க? இந்த அமெரிக்கா வண்டிக்கு வலது பக்கத்துச் சக்கரம் நம்ம மரை, இடது பக்கத்துச் சக்கரம் எதிர் மரைங்க. சுத்தற வேகத்துல கழண்டு போகக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கான். இங்க பாருங்க” என்று தலையைத் துணியால் துடைத்துக் காட்டினாள். L என்று வெட்டியிருந்தது. “இதை இடது கைப் பக்கம் திருப்பினாத்தான் இறுகும். வலது கைப் பக்கம் திருப்பினாக் கழலும். நீங்க கழட்டறதா நெனச்சு இறுக்கி முறிச்சுப்போட்டீங்க” என்றாள். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு” என்று தண்ணீர் கொடுத்தாள்.

எனக்கு வேர்த்தது வெயிலால் இல்லை.

மலை ஏறுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அடிவாரத்தில், ஆழியாறில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் ஸ்பேனர் போட்டு ஒரு இறுக்கு இறுக்குவோம். அன்றைக்கும் நான் செய்தேன். நாலு சக்கரம், இருபது போல்ட். எல்லாவற்றையும் வலது கைப் பக்கமாகத்தான். அதற்கு முன்னால் ஆஸ்டினும் மாரிஸும் ஓட்டியவன். இந்த வண்டி கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இடது பக்கம் கொஞ்சம் லேசாகத் திரும்பியது. உன் வீட்டுக்காரர் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார், நான் பார்த்ததனால் தப்பித்தோம் என்று முதலாளியம்மாளிடம் வேறு சொன்னேன்.

இறுகியிருந்ததை நானே தளர்த்திவிட்டு மலை ஏறியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் சரியாகத்தான் இறுக்கினார். ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அவருக்கு இது எப்போது தெரியும்? அன்றைக்கேவா? அவர் கையெழுத்தில் பதில் வேண்டும்.

நஞ்சுண்டன்


வால்பாறை
12-12-1993

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

காளிச்சாமி எழுதுவது. உங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கம். கருப்பாத்தாள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். அவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது.

அன்றைக்கே தெரியும். வண்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி முதலாளி என்னை மலைக்கு அனுப்பினார். நான் டயர் மாற்றியது பின் சக்கரத்துக்கு மட்டும்தான். முன் சக்கரத்தில் கை வைக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் அதிலும் இடது பக்கம் ஐந்து போல்ட்டும் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தன. வலது பக்கம் இரண்டு சக்கரமும் நன்றாக இறுகியிருந்தன. யாரோ நாலு சக்கரத்தையும் ஒரே பக்கமாகத் திருப்பியிருக்கிறார்கள் என்று விளங்கிவிட்டது. முன் சக்கரத்தை இறுக்கி, வண்டியை இந்த எஸ்டேட் ஷெட்டில் இழுத்துவிட்டு இறங்கினேன்.

சொல்லியிருந்தால் உங்கள் லைசென்ஸ் போயிருக்கும். நீங்கள் கட்டிலில் கிடந்தீர்கள். அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். எனக்குக் கையில் தொழில் இருந்தது, எங்கே போனாலும் நிற்கலாம். எஸ்டேட்டில் கூப்பிட்டார்கள், வந்தேன்.

இன்னொன்றும் உண்டு. முதல் நாள் சாயங்காலம் டயர் மாற்றியபோது இந்த மரையைப் பற்றி உங்களிடம் சொல்ல வந்தேன். “மச்சான், இந்த வண்டியில ஒண்ணு” என்று ஆரம்பித்தேன். “போடா, நீ டவுசர் போடறதுக்கு முந்தி ஸ்பேனர் புடிச்சவன் நான்” என்றீர்கள். பசங்கள் சிரித்தார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். காலையில் நான் வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். ஆகவே பாதித் தப்பு என்னுடையது. அதனால்தான் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு வாருங்கள். பழசை யாரிடமும் எடுக்க வேண்டாம். சம்பந்தி வீட்டார் இருப்பார்கள். வந்து தாய்மாமனாக நின்றால் போதும். பிரியா உங்களைப் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
காளிச்சாமி


மதுக்கரை
20-12-1993

மாப்பிள்ளை காளிச்சாமிக்கு நஞ்சுண்டன் எழுதுவது.

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கடிதத்தை உங்கள் அக்கா படிக்கக் கேட்டேன். என் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. அவள் பாதியில் நிறுத்திவிட்டு, “முப்பத்தொரு வருசம் இந்த மனுசனையா திட்டினீங்க?” என்றாள். நேற்றிலிருந்து எனக்கு ஆறின காப்பிதான்.

நீங்கள் செய்தது பெரிய தப்பு. என் தப்பை என்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? லைசென்ஸ் போயிருந்தால் போயிருக்கட்டும். ஆட்டுரல் கொத்திப் பிழைத்திருப்பேன். என்னை இத்தனை வருஷம் கருப்பாத்தாள் வீட்டுப் படி ஏறாதவனாக ஆக்கிவிட்டீர்கள். பெரியவள் கல்யாணத்துக்கு நான் இல்லாமல் போனேன். இதை நான் சும்மா விடப் போவதில்லை, நேரில் வந்து கேட்பேன்.

பாதித் தப்பு உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்ல வந்தவன் வாயை அடைத்தது நான். ஸ்பேனரைத் திருப்பியது நான். கட்டிலில் படுத்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொன்னது நான். முழுத் தப்பும் என்னுடையது. அதில் உங்களுக்குப் பங்கு தர முடியாது.

வண்டி மதுக்கரைச் சந்தை வரை போய்த் திரும்புகிறது. மலைக்குக் கொண்டுவர மாட்டேன். ஜீப் ரப்பர் போட்ட பிரேக், எனக்கே நம்பிக்கை வரவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நானும் உங்கள் அக்கா மாரியாத்தாளும் பஸ்ஸில் வருகிறோம். சீர்த்தட்டு, பட்டுச் சேலை எல்லாம் ஆர்.எஸ்.புரத்தில் எடுத்தாயிற்று. வேறு யாரையும் அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

பழசை எடுக்க வேண்டாம் என்றீர்கள். அதை மட்டும் கேட்க மாட்டேன். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, உங்களைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு உங்கள் மேல் பழி சொன்னேன். அவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர். ஆறு பேருக்கும் நானே கார்டு போட்டு, கட்டாயம் வர வேண்டும் என்று எழுதிவிட்டேன். சம்பந்தி வீட்டாரும் கேட்கட்டும், பெண் எப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பிறந்தவள் என்று தெரிந்துகொள்ளட்டும். நீங்கள் கையைப் பிடித்து இழுத்தாலும் நிறுத்த மாட்டேன். மைக் செட்டுக்காரரிடம் ஐந்து நிமிஷம் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். தாலி கட்டி முடித்ததும், பந்திக்கு முன்னாலேயே பேசிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டால் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
நஞ்சுண்டன்